துரோகம் என்னும் ஒரு சொல்லும் ஆங்கிலத்தின் பல சொற்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வரலாற்று நூல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போதும் மாணவர்க்கு வகுப்பில் விளக்கும்போதும் நாம் அடிக்கடி கையாளும் சொற்களுள் ஒன்று 'துரோகம்' என்பதாகும். 'டிரீசன்' என்ற சொல்லுக்கும் துரோகம் என்றே எழுதுகிறோம். 'டிரெச்சரி', 'பிட்ரேயல்', 'டிஸ்லாயல்டி', 'பெர்ஃபிடி' ஆகியவற்றுக்கும் அதே சொல்லையே இடுகிறோம். பேச்சையும் எழுத்தையும் குற்றமாக்கும் 'செடிஷன்' என்பதுகூடத் தமிழில் ராஜநிந்தனை என்றும் ராஜத்துரோகம் என்றும் இருவகையாக வழங்கியதுண்டு. ஆங்கிலத்தில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றிய இச்சொற்கள் தமிழில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இக்கலப்பினால் மொழிநயம் குறைகிறது என்பது மட்டும் நம் கவலையன்று. வரலாற்றில் ஒருவரைத் துரோகி என்று எழுதும்போது நாம் ஒரு தீர்ப்பை வழங்குகிறோம். அத்தீர்ப்பு நம்முடையதா, அன்றி அக்காலத்து நீதிமன்றம் வழங்கியதை நாம் அறியாமலே திருப்பிச் சொல்கிறோமா என்ற வினா எழுகின்றது. 1942 முதல் 1946 வரையிலான சிங்கப்பூர், மலாயா வரலாற்றை எழுதுவோர்க்கு இவ்வினா மிக அணுக்கமானது. ஏனெனில், அக்காலத்தில் இச்சொற்கள் நம் முன்னோர் பலர்மீதே வீசப்பட்டன.

இக்கட்டுரை மேற்கூறிய சொற்களின் பொருள் வேறுபாட்டை அவற்றின் வேர்களைக் கொண்டும், இங்கிலாந்தின் சட்ட வரலாற்றைக் கொண்டும், இவ்வட்டார நிகழ்ச்சிகளைக் கொண்டும் ஆராய முற்படுகிறது. இச்சொற்கள் ஒவ்வொன்றும் முறிந்துபோன ஒரு பிணைப்பைச் சுட்டுகின்றன. அப்பிணைப்பு எது, அதை முதலில் முறித்தவர் யார், முறிந்தது என்று அறிவிப்பவர் யார் என்று கேட்டறியாமல் இவற்றைத் தமிழாக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொற்களின் வேர்கள்

'டிரீசன்' என்னும் சொல் நார்மானியப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் இலத்தீன் மொழியின் 'டிராடெரே' என்னும் வினையாகும். 'அப்பால் கொடுத்தல்', அதாவது ஒருவர் கையிலிருப்பதை மற்றொருவர் கையில் ஒப்படைத்தல் என்பது அதன் பொருள். 'டிரெய்ட்டர்' என்பதும், 'பிட்ரே' என்பதன் பிற்பகுதியும் இவ்வேரிலிருந்தே பிறந்தன. மரபு எனப் பொருள்படும் 'டிரெடிஷன்' என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து தோன்றியது என்பது நோக்கத்தக்கது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது மரபாயிற்று. காக்க வேண்டியதைப் பகைவனுக்குக் கொடுப்பது துரோகமாயிற்று. கி.பி. 303-இல் உரோமைப் பேரரசர் டயோகிளீஷியன் கிறித்தவரை ஒடுக்கத் தொடங்கியபோது, அச்சத்தால் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் 'டிராடிடோரெஸ்', அதாவது 'கொடுத்தவர்கள்' எனப்பட்டனர். தமிழில் 'காட்டிக்கொடுத்தல்' என்று வழங்கும் சொல்லிலும் கொடுத்தல் என்ற வினையே நிற்கிறது. இரு மொழிகளும் தொடர்பின்றியே ஒரே உருவகத்தைக் கண்டறிந்துள்ளன எனலாம்.

'டிரெச்சரி' என்பது ஒலியால் 'டிரீசன்' என்பதற்கு நெருங்கியதாகத் தோன்றினும் அதன் வேர் வேறு. ஏமாற்றுதல் எனப் பொருள்படும் பழம்பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்தது. எனவே, அதன் உட்பொருள் ஒப்படைத்தல் அன்று, சூது. ஒருவன் மறைவின்றி, வெளிப்படையாகவே அரசனுக்கு எதிராகப் படை திரட்டலாம். அது 'டிரீசன்' ஆகும், ஆனால் 'டிரெச்சரி' ஆகாது. விருந்தினனாக வந்தவன் உறங்கும்போது அவனைக் கொல்வது 'டிரெச்சரி' ஆகும். கொல்லப்பட்டவன் அரசனாக இல்லாதவரை அது 'டிரீசன்' ஆகாது. நம் 'வஞ்சகம்' என்னும் சொல் இதற்கு மிகப் பொருந்தும்.

'பெர்ஃபிடி' என்பதன் நடுவே 'ஃபிடெஸ்' என்னும் இலத்தீன் சொல் உள்ளது. நம்பிக்கை, வாக்குறுதி என்பன அதன் பொருள். கொடுத்த வாக்கையே கருவியாக்கிக் கெடுப்பது 'பெர்ஃபிடி' எனப்படும். 'டிஸ்லாயல்டி' என்பதன் அடியாகிய 'லாயல்' என்னும் சொல்லும் சட்டத்தைக் குறிக்கும் 'லீகல்' என்னும் சொல்லும் ஒரே இலத்தீன் மூலத்தின் இரு வடிவங்கள். இன்று உள்ளத்தின் பற்றாகக் கருதப்படும் 'லாயல்டி' தொடக்கத்தில் சட்டப்படி ஆற்ற வேண்டிய கடமையையே குறித்தது. 'செடிஷன்' என்பதற்கோ 'விலகிச் செல்லுதல்' என்பதே வேர்ப்பொருள். இவ்வாறு, கொடுத்தல், ஏமாற்றுதல், வாக்கைக் கெடுத்தல், கடமையினின்று வழுவுதல், விலகிச் செல்லுதல் என ஐந்து வெவ்வேறு செயல்களை இவை குறிக்கின்றன. இவ்வைந்தையும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது பொருத்தமாகுமா?

சோறிட்டவனும் அரசனும்

ஆங்கிலேயரின் பழஞ்சட்டங்களில் 'டிரீசன்' என்ற சொல் இல்லை. 'தலைவனுக்கு இழைக்கும் வஞ்சகம்' என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் தொகுத்த சட்டத்தில், முதன்முறை இழைக்கும் பெரும்பாலான குற்றங்களுக்குப் பொருள் கொடுத்து ஈடுசெய்ய இடமளிக்கப்பட்டது. தலைவனை வஞ்சித்த குற்றத்துக்கு மட்டும் அத்தகைய ஈடு மறுக்கப்பட்டது. தலைவனைக் குறிக்கும் 'லார்டு' என்னும் சொல்லின் பழைய வடிவத்துக்கு 'அப்பத்தைக் காப்பவன்' என்பது பொருள். அவனைச் சார்ந்து வாழ்பவனை 'அப்பம் உண்பவன்' என்றே ஒரு பழஞ்சட்டம் குறிப்பிடுகிறது. உண்ட உணவினால் உண்டாகும் கடனே அன்றைய பற்றுறுதியின் அடிப்படை என்பது இதனால் பெறப்படும். செஞ்சோற்றுக் கடன் என்றும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றும் வழங்கும் நம் சொற்களை நன்கு அறிந்த தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்தியச் சிப்பாய்ப் படைகளில் உப்பிட்டவருக்கு உண்மையாயிருத்தல் என்று வழங்கிய மரபும் இவ்வகையினதே.

மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1351ஆம் ஆண்டுச் சட்டம் என வழங்கும் சட்டம் இயற்றப்பட்டபோதுதான் 'டிரீசன்' திட்டவட்டமான வரையறை பெற்றது. அரசன், அரசி, மூத்த இளவரசன் ஆகியோரின் சாவை மனத்தில் எண்ணுதல், அரசனின் நாட்டில் அவனுக்கு எதிராகப் போர் தொடுத்தல், அவனுடைய பகைவரோடு சேர்ந்து அவர்களுக்கு உதவுதல், அரச முத்திரையையும் நாணயத்தையும் போலியாகச் செய்தல் முதலியன 'பெருந்துரோகம்' எனப்பட்டன. அச்சட்டமே 'சிறுதுரோகம்' என்ற ஒன்றையும் வகுத்தது. ஏவலன் தன் முதலாளியைக் கொல்லுதல், மனைவி கணவனைக் கொல்லுதல், சமயத் துறவி தன் மேலாளரைக் கொல்லுதல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கின. கணவன் மனைவியைக் கொன்றால் அது கொலைக்குற்றம் மட்டுமே. மனைவி கணவனைக் கொன்றால் துரோகமும் ஆகும். வீட்டிலுள்ள தலைவனும் நாட்டிலுள்ள தலைவனும் ஒரே ஒழுங்கின் இரு படிகளாகக் கருதப்பட்டமையே இதற்குக் காரணம்.

துரோகக் குற்றத்துக்கு ஆளான பெண்களைக் கம்பத்தில் கட்டி எரிப்பது வழக்கமாயிருந்தது. 1789-இல் நாணயக் குற்றத்துக்காக இலண்டனில் தண்டிக்கப்பட்ட கேத்தரின் மர்ஃபி என்பவரே அவ்வாறு தண்டனை பெற்ற இறுதிப் பெண்மணி. தீயிடுமுன் அவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்திருந்தார். மறு ஆண்டே அத்தண்டனை நீக்கப்பட்டது. சிறுதுரோகம் என்ற பிரிவு 1828-இல் ஒழிக்கப்பட்டுச் சாதாரணக் கொலைக்குற்றமாயிற்று. செயல் மாறவில்லை, அதே கொலைதான். சமுதாயம் ஏற்றுக்கொண்ட பிணைப்பு மாறியதால் துரோகம் என்ற பெயர் அதைவிட்டு நீங்கியது.

தீர்ப்பளிப்பவர் யார்?

துரோகம் யாருக்கு எதிரானது என்பது தெளிவாக இருக்கும்வரை சட்டம் எளிதாக இயங்கும். அரியணைக்கு இருவர் உரிமை கோரும்போது சிக்கல் தோன்றுகிறது. 22-8-1485 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் மடிந்தார். ஏழாம் ஹென்றி அரசரானார். தம் ஆட்சி அப்போருக்கு முந்திய நாளே தொடங்கிவிட்டதாக ஹென்றி கணக்கிட்டுக்கொண்டார். இதன் விளைவாக, முடிசூடிய மன்னருக்காகப் போரிட்டவர்கள் ஒரே நாளில் மன்னருக்கு எதிராகப் போரிட்ட துரோகிகளாயினர். பத்தாண்டுகள் கழித்து 1495-இல், ஆட்சியிலிருக்கும் மன்னருக்காகப் போரில் பணிபுரிந்தவரைப் பின்னர்த் துரோகியாகத் தண்டிக்கலாகாது என்று அதே ஹென்றியின் காலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. வென்றவரே தம் சொல்லின் கூர்மையைக் கண்டு அஞ்சினார் போலும்.

எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1534ஆம் ஆண்டுச் சட்டம் அரசரின் பட்டத்தை மறுத்துத் தீய நோக்குடன் பேசுவதையும் துரோகமாக்கியது. சர் தாமஸ் மோர் 1535-இல் அதன்கீழ்த் தலை வெட்டப்பட்டார். 1649-இல் நிலைமை தலைகீழாயிற்று. நாடாளுமன்றம் அமைத்த நீதிமன்றம் மன்னர் முதலாம் சார்லசையே துரோகி எனக் குற்றஞ்சாட்டி, 30-1-1649 அன்று மரண தண்டனையை நிறைவேற்றியது. அரசனுக்கு எதிரானதாக மட்டுமே இருந்த குற்றம் அன்று மக்களுக்கு எதிரான குற்றமாகப் புதுப்பொருள் கொண்டது. 1660-இல் முடியாட்சி மீண்டதும், மன்னரைத் தண்டித்தவர்கள் துரோகிகளாகக் கொல்லப்பட்டனர். பதினோராண்டு இடைவெளியில் ஒரே சொல் இரு பக்கமும் வெட்டியது.

இவ்வரலாற்றை அறிந்தமையால்தான் 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தோர் துரோகத்தின் வரையறையை மிகச் சுருக்கினர். நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தலும், பகைவரோடு சேர்ந்து அவர்களுக்கு உதவுதலும் மட்டுமே துரோகம். வெளிப்படையான ஒரே செயலுக்கு இரு சாட்சிகளோ, நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலமோ இன்றித் தண்டிக்கலாகாது என்று அவர்கள் வகுத்தனர். மனத்தில் எண்ணுவது அங்கே குற்றமாகவில்லை. இங்கிலாந்திலோ 1794-இல் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரிய தாமஸ் ஹார்டி முதலானோர்மீது, அரசரின் சாவை எண்ணியதாகக் கூறித் துரோக வழக்குத் தொடரப்பட்டது. நடுவர் குழுவினர் அவர்களை விடுவித்தனர்.

அன்பின்மை ஒரு குற்றமான கதை

துரோகம் என்பதை மெய்ப்பிப்பது கடினம் என்ற நிலையில் அரசுகளுக்குப் பயன்பட்ட சொல் 'செடிஷன்'. பிரித்தானிய இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 'டிரீசன்' என்ற பெயரில் குற்றமே வகுக்கப்படவில்லை. 121ஆம் பிரிவு 'அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல்' என்றே கூறியது. 1870-இல் சேர்க்கப்பட்ட 124-அ பிரிவு, அரசின்மீது 'டிஸ்அஃபெக்ஷன்', அதாவது அன்பின்மையைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. அச்சொல்லில் 'டிஸ்லாயல்டி'யும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தந்தது. கடமையின் பெயராக இருந்த 'லாயல்டி' இங்கே அன்பின் பெயராக்கப்பட்டு, அன்பு சட்டத்தால் கட்டளையிடப்பட்டது.

இப்பிரிவின்கீழ்த்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908-இல் திருநெல்வேலியில் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை பெற்றார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. 1922-இல் அகமதாபாத்தில் காந்தியடிகள் இக்குற்றத்தை ஒப்புக்கொண்டு, அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவோ முறைப்படுத்தவோ இயலாது என்ற கருத்தை நீதிமன்றத்திலேயே எடுத்துரைத்தார்; ஆறாண்டுச் சிறை பெற்றார். இவ்விருவரையும் துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று எழுதுவது பிழை. அவர்கள் எதையும் எவருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை, எவரையும் ஏமாற்றவுமில்லை. ஆட்சியின்பால் அன்பில்லை என்று உரக்கச் சொன்னார்கள். மலாயாவில் 1948-இல் இயற்றப்பட்ட 'செடிஷன்' சட்டத்தை இங்குள்ள தமிழ் இதழ்கள் 'நிந்தனைச் சட்டம்' என்று எழுதிவருவது இவ்வகையில் தெளிவான மொழிபெயர்ப்பாகும். இங்கிலாந்து இக்குற்றத்தை 2009-இல் நீக்கச் சட்டமியற்றியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2021-இல் தன் சட்டத்தை நீக்க முடிவு செய்தது. இந்தியாவில் 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் அப்பெயர் இல்லை எனினும், நாட்டின் இறையாண்மைக்கு ஊறு செய்யும் பேச்சைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று இடம்பெற்றுள்ளது.

பகைவனுக்கும் காட்ட வேண்டிய வாய்மை

மேற்கண்ட சொற்கள் யாவும் தன்னவருக்கு இழைக்கும் தீங்கைக் குறித்தன. 'பெர்ஃபிடி' ஒன்றே பகைவனுக்கு இழைக்கும் துரோகத்தைக் குறிக்கும் சொல்லாகப் போர்ச்சட்டத்தில் இடம்பெற்றது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 37ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது. போர்ச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று எதிரியை நம்பச் செய்து, அந்நம்பிக்கையைக் கெடுக்கும் எண்ணத்துடன் அவனைக் கொல்வதோ, காயப்படுத்துவதோ, சிறைபிடிப்பதோ தடைசெய்யப்பட்டுள்ளது. வெள்ளைக்கொடி காட்டிச் சுடுவதும், காயமுற்றவன்போல் நடித்துத் தாக்குவதும் இதனுள் அடங்கும். உருமறைப்பு, போலித் தாக்குதல், பொய்ச் செய்தி பரப்புதல் ஆகியன போர்த்தந்திரங்கள், அவை குற்றமல்ல. எதிரியை ஏமாற்றலாம், ஆனால், எல்லாரையும் காக்கும் ஒரு பொது நம்பிக்கையை ஏமாற்றுக்குக் கருவியாக்கக் கூடாது என்பதே இதன் நுட்பம்.

பாதுகாப்பும் பற்றுறுதியும்

அரசனுக்குக் குடிமகன் ஏன் கடமைப்பட்டவன் என்ற வினாவுக்கு ஆங்கிலச் சட்டம் 1608-இல் கால்வின் வழக்கில் தந்த விடை, பாதுகாப்பும் பற்றுறுதியும் ஒன்றையொன்று ஈர்ப்பன என்பதாகும். அரசன் காக்கிறான், ஆகவே குடிமகன் கட்டுப்பட்டவன். இக்கோட்பாடு இருபதாம் நூற்றாண்டில் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று.

ரோஜர் கேஸ்மென்ட் பிரித்தானியத் தூதரகப் பணியில் இருந்தவர். காங்கோவிலும் தென்னமெரிக்காவிலும் தொழிலாளர் பட்ட கொடுமைகளை வெளிக்கொணர்ந்தமைக்காக 1911-இல் 'சர்' பட்டம் பெற்றவர். முதல் உலகப்போரில் அவர் ஜெர்மனி சென்று, அங்குப் போர்க்கைதிகளாயிருந்த அயர்லாந்து வீரரைக் கொண்டு பிரித்தானியருக்கு எதிராக ஒரு படை அமைக்க முயன்றார். மிகச் சிலரே சேர்ந்தனர். 1916 ஏப்ரலில் அயர்லாந்துக் கரையில் பிடிபட்டார். நாட்டுக்கு வெளியே செய்த செயல் 1351ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்குமா என்ற வாதம் அப்பழைய பிரெஞ்சுச் சொற்றொடரின் நிறுத்தக்குறியைச் சார்ந்து நின்றது. நீதிபதிகள் மூல ஆவணத்தையே பார்வையிட்டனர். 3-8-1916 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். 1965-இல் அவருடைய எச்சங்கள் அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. இலண்டனுக்குத் துரோகி, டப்ளினுக்குத் தியாகி.

வில்லியம் ஜாய்சின் வழக்கு வேறு வகையினது. நியூயார்க்கில் பிறந்த அவர் பிரித்தானியக் குடிமகன் அல்லர். பொய்யான தகவல் கொடுத்துப் பிரித்தானியக் கடவுச்சீட்டு பெற்றிருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் வானொலியில் பிரித்தானியருக்கு எதிராகப் பேசினார். குடிமகனல்லாதவன் எவ்வாறு துரோகியாவான்? கடவுச்சீட்டின் வழியே அரசரின் பாதுகாப்பைப் பெற்றிருந்தமையால், அது செல்லுபடியான காலம்வரை அவர் பற்றுறுதிக்குக் கட்டுப்பட்டவர் என்று பிரபுக்கள் அவை முடிவு செய்தது. 3-1-1946 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

அப்போர்க்காலத்தில் ஆங்கிலம் புதிய சொற்களையும் பெற்றது. நார்வேயில் 1940 ஏப்ரலில் ஜெர்மானியர் நுழைந்தபோது ஆட்சியைக் கைப்பற்ற முயன்ற விட்குன் குவிஸ்லிங்கின் பெயர் சில நாள்களிலேயே பொதுச்சொல்லாயிற்று. 'ஐந்தாம் படை' என்ற தொடர் 1936-இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிறந்தது. 'ஒத்துழைப்பு' எனப் பொருள்படும் 'கொலாபொரேஷன்' என்னும் நல்ல சொல், 1940 அக்டோபரில் ஹிட்லரைச் சந்தித்த பின் மார்ஷல் பெத்தேன் பிரெஞ்சு மக்களுக்கு ஆற்றிய உரையில் இடம்பெற்றது முதல் இழிபொருள் ஏற்றது.

சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒப்படைப்பு

இச்சொற்கள் யாவும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தன. 1915 பிப்ரவரியில் இங்கிருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தபோது அது 'மியூட்டினி', அதாவது படைக்கலகம் எனப்பட்டது. 47 பேர் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 15-2-1942 அன்று பிரித்தானியர் சரணடைந்தபோது எழுந்த சிக்கல் இதனினும் ஆழமானது.

17-2-1942 அன்று ஃபாரர் பார்க் திடலில் 40,000-க்கும் குறையாத இந்திய வீரர்கள் கூட்டப்பட்டனர். ஆங்கிலேய, ஆஸ்திரேலிய வீரர்கள் தனியே பிரித்துச் சாங்கிக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பிரித்தானியப் படையின் சார்பில் லெப்டினன்ட் கர்னல் ஹன்ட் அவ்விந்தியரை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். 'டிரீசன்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் ஒப்படைத்தல் என்று மேலே கண்டோம். அத்திடலில் ஒப்படைக்கப்பட்டவர்களே பின்னர்த் துரோகிகள் என அழைக்கப்பட்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர்களுள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பின்னர், மலாயாத் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். சிப்பாய்கள் மன்னர்பெயரால் உறுதிமொழி எடுத்தவர்கள். தோட்டத் தொழிலாளரோ எவ்வுறுதிமொழியும் எடுத்ததில்லை. படையில் சேர மறுத்த சிப்பாய்களையும் நாம் மறத்தல் ஆகாது. அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி முதலிய தீவுகளுக்குக் கடும் உழைப்புக்காகக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் மீளவில்லை. தாம் எடுத்த உறுதிமொழிக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பிரித்தானிய உளவுத்துறை இந்திய தேசிய இராணுவத்தினரை ஜப்பானியர் தூண்டிய ஐந்தாம் படையினர் என்ற பொருளில் 'ஜிஃப்' என்று குறித்தது. போர் முடிந்தபின் மீட்கப்பட்டவர்களை 'வெள்ளை', 'சாம்பல்', 'கறுப்பு' என மூவகையாகப் பிரித்தது. உறுதி குலையாதவர் வெள்ளை. வழிதவறியவர் அல்லது வற்புறுத்தப்பட்டவர் சாம்பல். முழு மனத்துடன் சேர்ந்தவர் கறுப்பு. துரோகத்தின் சாயல்களை அளக்க ஓர் அரசு வண்ணங்களையே நாட வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பப்பட்ட இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தில் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1945 செப்டம்பரில் திரும்பிவந்த பிரித்தானியப் படை அதனை வெடிவைத்துத் தகர்த்தது.

5-11-1945 அன்று தில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர்மீது படை நீதிமன்ற விசாரணை தொடங்கியது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தமையே முதன்மைக் குற்றச்சாட்டு. கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டும் உடன்சேர்ந்தது. எதிர்வாதம் செய்த பூலாபாய் தேசாய், விடுதலைக்காகப் போரிட ஓர் அடிமை நாட்டுக்குப் பன்னாட்டுச் சட்டப்படி உரிமையுண்டு என்றும், 21-10-1943 அன்று சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட தற்காலிக அரசின் படையினராக அவர்கள் போரிட்டனர் என்றும், ஃபாரர் பார்க்கில் ஒப்படைக்கப்பட்டபோதே பழைய பிணைப்பு அறுந்தது என்றும் வாதிட்டார். நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து ஆயுட்கால நாடுகடத்தல் விதித்தது. தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையைத் தள்ளுபடி செய்தார். அம்முடிவு வெளியான நாள் 3-1-1946. இலண்டனில் ஜாய்ஸ் தூக்கிலிடப்பட்ட அதே நாளில், அதே மன்னரின் பெயரால் இயங்கிய மற்றொரு நீதிமன்றத்தின் தண்டனை பெற்றவர்கள் தில்லியில் விடுதலையாயினர். பொய்க் கடவுச்சீட்டின் மெல்லிய பாதுகாப்பு ஜாய்சைக் கொல்லப் போதுமானதாயிற்று. சிங்கப்பூரில் பாதுகாப்பை முற்றும் இழந்தவர்களின் விடுதலைக்கோ அவ்வாதத்தைவிட இந்திய மக்களின் எழுச்சியே பெரிதும் காரணமாயிற்று.

அதே 1946-இல், ஜப்பானியர் காலத்தில் யூரேசியர் நலச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சார்லஸ் பேக்லர்மீது சிங்கப்பூரில் 'டிரீசன்' வழக்குத் தொடரப்பட்டது. அது தீர்ப்பின்றியே ஒத்திவைக்கப்பட்டது. காப்பவன் ஓடிவிட்ட நகரில் மக்களின் கடமை எது என்ற வினாவுக்கு அந்நீதிமன்றம் விடை கூறவில்லை.

மலாயும் தமிழும்

இவ்வினாவுக்கு இம்மண்ணின் மரபு பழைய விடை ஒன்றைத் தருகிறது. மலாய் மொழியில் அரசனுக்கு இழைக்கும் துரோகம் 'டெர்ஹாக்கா' எனப்படும். நம் 'துரோகம்' எந்த வடமொழி வேரிலிருந்து வந்ததோ அதே வேரிலிருந்து வந்த சொல் அது. தனிமனித நம்பிக்கையைக் கெடுப்பதற்கு அரபு வழிவந்த 'கியானாட்' என்ற வேறு சொல் உண்டு. 'செஜாரா மெலாயு' கூறும் கதையில், ஸ்ரீ திரி புவனாவும் டெமாங் லேபார் டாவுனும் ஓர் உடன்படிக்கை செய்கின்றனர். குடிகள் டெர்ஹாக்கா செய்வதில்லை என்று ஒருவர் உறுதியளிக்க, குடிகளை அரச மரபினர் இழிவுபடுத்துவதில்லை என்று மற்றவர் உறுதியளிக்கிறார். கடமை இருபுறமும் உண்டு என்ற எண்ணம் கால்வின் வழக்குக்கு வெளியிலும் விளங்கியிருந்தது.

தமிழில் குவிஸ்லிங் என்ற பெயருக்கு இணையாக வழங்குவது 'எட்டப்பன்' என்பது. 16-10-1799 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கும் எட்டயபுரத்தாருக்கும் இடையே இருந்தது பாளையக்காரர் போட்டி. ஒருவர் மற்றவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். புதுக்கோட்டைப் பகுதியில் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர் தொண்டைமான் ஆவார். ஆங்கிலச் சட்டச்சொல்லின்படி எட்டயபுரத்தார் துரோகி ஆகார். கும்பினியின் கணக்கில் கலகக்காரர் கட்டபொம்மனே. மக்கள் வழக்கு வேறொரு பிணைப்பை, மண்ணின் மக்கள் என்ற பிணைப்பை, முன்னிறுத்தித் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மதிக்கத்தக்கது, எனினும், அது பின்வந்த தேசிய உணர்வின் தீர்ப்பு என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சில நடைமுறைப் பரிந்துரைகளை முன்வைக்கலாம். 'டிரீசன்' என்பதை அரசத்துரோகம் என்றும், 'டிரெச்சரி' என்பதை வஞ்சகம் என்றும், 'பிட்ரேயல்' என்பதை இடத்துக்கேற்பக் காட்டிக்கொடுத்தல் அல்லது இரண்டகம் என்றும் எழுதலாம். 'பெர்ஃபிடி' என்பதற்கு நம்பவைத்து வஞ்சித்தல் என்பதும், 'டிஸ்லாயல்டி' என்பதற்குப் பற்றுறுதியின்மை என்பதும், 'செடிஷன்' என்பதற்கு அரசநிந்தனை என்பதும் பொருந்தும். நீதிமன்றக் குற்றச்சாட்டைக் குறிக்கும்போது அச்சட்டம் பயன்படுத்திய சொல்லையே தமிழாக்குதல் வேண்டும். செங்கோட்டைக் குற்றச்சாட்டு 'மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தல்' என்பதே, துரோகம் என்பதன்று.

சொற்பட்டியலைவிட இன்றியமையாதது ஒரு பழக்கம். துரோகி என்று எழுதுமுன், எப்பிணைப்பு முறிந்தது, அதனை முதலில் முறித்தவர் யார், இத்தீர்ப்பு யாருடையது என்னும் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். ஃபாரர் பார்க் திடலில் நின்ற சிப்பாய்களுள் மோகன் சிங்கின் பின் சென்றவர்களும், மறுத்துத் தீவுகளில் மடிந்தவர்களும் வெவ்வேறு பிணைப்புகளுக்கு உண்மையாயிருக்க முயன்றவர்கள். தோட்டத்துத் தமிழர்களோ தம்மைக் காக்காத ஓர் அரசுக்குப் பிறப்பினால் மட்டுமே கட்டுப்பட்டவர்களாகக் கருதப்பட்டவர்கள். இவர்கள் வரலாறு தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியுள்ளது. எழுதுவோர் ஒரே சொல்லைக் கொண்டு இவர்களை அளப்பார்களாயின், அன்று 'வெள்ளை', 'சாம்பல்', 'கறுப்பு' எனப் பிரித்த அதிகாரியின் நுட்பம்கூட நம் எழுத்தில் இராது போய்விடும்.